ஊருக்குப் போற சீசன்: மும்பை வாசகர்கள் கேட்டதும் நம்ம பதிலும்

ஏப்ரல் பொறந்தா போதும், கடிதம், மெயில், வாட்ஸ்அப்னு எதைத் திறந்தாலும் ஊருக்குப் போறதைப் பத்தின கேள்விதான். இந்த தடவை வந்ததுல நிறைய நெல்லைச் சீமைக்காரங்களோடது, அம்பை (அம்பாசமுத்திரம்), கல்லிடை (கல்லிடைக்குறிச்சி), பாபநாசம்னு ஆத்தங்கரை ஊர்க்காரங்க, அதனால அதை மட்டும் எடுத்து சேர்த்துப் போட்டிருக்கேன். பாதிப் பேர் பெயர் போடாதீங்கன்னு கேட்டிருந்தீங்க, அதனால யார் பெயரையும் போடல.

அக்கா, அப்பா ஊர் அம்பாசமுத்திரம், நாங்க இருக்கிறது சயான் கோலிவாடா. ரொம்ப வருஷம் கழிச்சு மே மாசம் குடும்பத்தோட போறோம், கையில மொத்தம் பத்து நாள் லீவு. அப்பா பதினாலு வீடு லிஸ்ட் கொடுத்திருக்காரு, ஒண்ணு விட்டாலும் கோவிச்சுப்பாங்களாம். என் வீட்டுக்காரி இங்கேயே பொறந்து வளர்ந்தவ, அவளுக்கு குற்றாலம், கன்னியாகுமரி, திருச்செந்தூர், ராமேஸ்வரம் எல்லாம் பாக்கணும். தினமும் வீட்ல இதே பேச்சு. எப்படி பிளான் பண்றது?
(சயான் கோலிவாடா வாசகர்)

தம்பி, மொதல்ல நாளைக் கணக்குப் போடுவோம். மும்பை சி.எஸ்.எம்.டி. ஸ்டேஷன்ல நாகர்கோவில் எக்ஸ்பிரஸ் ஏறினா ரெண்டு ராத்திரி ஒரு பகல் கழிச்சுத்தான் திருநெல்வேலி, வர்றதுக்கும் கிட்டத்தட்ட அவ்வளவு நேரம்தான். பத்து நாள்ல கையில நிக்கிறது ஆறு நாள், அதுலயும் மொத நாள் பிள்ளைங்க தூங்கி எந்திரிக்கவே மதியம் ஆயிடும். இந்த ஆறு நாளைக்குள்ள பதினாலு வீடும் நாலு ஊரும்னு ஓடினா யாரையும் பாத்த மாதிரியும் இருக்காது, எதையும் பாத்த மாதிரியும் இருக்காது.

சுத்திப் பாக்குற லிஸ்ட்டை மொதல்ல முடிச்சிருவோம், அது சுலபம். ராமேஸ்வரத்தை எடுத்துருங்க, புது பாம்பன் பாலம் 2025 ஏப்ரல்ல திறந்ததுல இருந்து எல்லாப் பிள்ளைகளுக்கும் அதைப் பாக்கணும்னு ஆசைதான், ஆனா அம்பைல இருந்து போகவே அரை நாள், அதை மதுரைப் பக்கம் போற இன்னொரு வருஷத்துக்கு வச்சுக்கோங்க. குற்றாலம் சீசன் தென்மேற்குப் பருவமழை ஆரம்பிச்சு ஜூன்லதான், மே மாசம் போனா பெரும்பாலும் பாறையைத்தான் பாத்துட்டு வரணும், மே கடைசில மழை பேஞ்சு திடீர்னு தண்ணி வந்தா அது இன்னும் மோசம், 2024 மே மாசம் பழைய குற்றாலத்துல ஒரு பையன் வெள்ளத்துல போயிட்டான், அதனால அங்க போலீஸ் குளிக்கக் கூடாதுன்னா கூடாதுதான். உங்க வீட்டம்மாவுக்கு அருவிதானே வேணும், பாபநாசத்துக்கு மேல அகஸ்தியர் அருவி இருக்கு, வருஷம் பூரா தண்ணி விழும், அம்பைல இருந்து ரொம்பப் பக்கம், காலைல போனா மதியச் சாப்பாட்டுக்கு வீடு வந்துரலாம். செக்போஸ்ட்ல பிளாஸ்டிக் பையை வாங்கி வச்சுப்பாங்க, துணிப்பை கொண்டு போங்க. திருச்செந்தூர், கன்னியாகுமரி ரெண்டுல ஒண்ணுக்கு ஒரு முழு நாள் கொடுங்க, எதுன்னு அவங்களே முடிவு பண்ணட்டும். விவேகானந்தர் பாறைக்கும் வள்ளுவர் சிலைக்கும் நடுவுல 2024 டிசம்பர் கடைசில கண்ணாடிப் பாலம் திறந்திருக்காங்க, பிள்ளைங்க அதைக் கேட்டா கன்னியாகுமரிதான்னு முடிஞ்சிரும்.

இப்ப வீடுங்களுக்கு வருவோம், எனக்கு இதுலதான் ரொம்ப அக்கறை. கார் எடுத்துட்டு ஒரே நாள்ல ஏழு வீடுன்னு ரவுண்ட் அடிக்கிறதை தயவு செஞ்சு செய்யாதீங்க. வாசல்ல டிரைவர் இஞ்சினை ஆஃப் பண்ணாம நிப்பாரு, உள்ள பிளாஸ்டிக் சேரைத் தட்டிப் போடுவாங்க, வீட்டுப் பையன் பெட்டிக்கடைக்கு கலர் வாங்க ஓடுவான், அவன் பாட்டிலோட திரும்பி வர்றதுக்குள்ள நீங்க எந்திரிச்சிருப்பீங்க, "சாப்பிட்டுப் போங்கய்யா"ன்னு அத்தை கையைப் பிடிப்பாங்க, "இல்லத்தே, இன்னும் நாலு வீடு போணும்"பீங்க. இதுல அவங்களுக்கு என்ன கிடைச்சது, உங்களுக்குத்தான் என்ன கிடைச்சது சொல்லுங்க.

அதுக்குப் பதிலா அப்பாகூட உக்காந்து ரெண்டே கேள்வி கேளுங்க. ஒண்ணு, இந்தப் பதினாலுல நடமாட முடியாதவங்க எத்தனை பேர். ரெண்டு, நாம போகாம விட்ட இந்த வருஷங்கள்ல எந்தெந்த வீட்ல துட்டி (சாவு) ஆச்சு. இந்த ரெண்டு வகை வீட்டுக்கும் நீங்கதான் போகணும், அதுலயும் துட்டி கேக்க வேண்டிய வீட்டுக்கு மொதல்ல போயிருங்க, அதுக்கு முன்னாடி வேற எங்கயும் விருந்து சாப்பிட்டீங்கன்னு தெரிஞ்சா அந்த வருத்தம் லேசுல போகாது. நடுவுல எந்த வீட்டுக் கல்யாணமாவது விட்டுப் போயிருந்தா மொய்க் கவரையும் மறக்காம எடுத்துட்டுப் போங்க, லேட்டா கொடுத்தா என்ன, கொடுத்தது கணக்குல வந்துரும். மிச்ச வீட்டு ஆளுங்களை ஒரு ஞாயித்துக்கிழமை மதியம் நீங்க தங்குற வீட்டுக்கே கூப்பிட்டு சொதி, இஞ்சித் துவையல்னு ஒரு சாப்பாடு போட்டுருங்க, செலவு உங்களோடது, சமையலுக்கு ஆள் வச்சிருங்க, இருக்கிறவங்க தலையில வேலையைக் கட்டாதீங்க.

தங்குறது ஒரே வீட்ல, குடும்பத்துல மூத்தவங்க யாரோ அவங்க வீட்ல, குறைஞ்சது மூணு ராத்திரி. நம்ம ஊர் ஆளுங்க பகல்ல பேசமாட்டாங்க தம்பி, பகல்ல "நல்லா இருக்கியா, அங்க மழை எப்படி" இவ்வளவுதான். ராத்திரி சாப்பாடு முடிஞ்சு மொட்டை மாடிலயோ வாசல்லயோ பாயைப் போட்டு உக்காந்த பிறகுதான் உங்க தாத்தா எந்த வருஷம் எந்தக் கடனுக்காக பம்பாய்க்கு ரயில் ஏறினாரு, மொத மொத எந்தக் கோலில (ரூம்ல) யார்கூட தங்கினாரு, பாகம் பிரிச்சப்ப யார் அழுதாங்கன்னு ஒவ்வொண்ணா வெளில வரும், உங்க வீட்டம்மாவுக்கும் இந்தக் குடும்பம் எதுன்னு அப்பத்தான் புரியும்.

கார் வாடகைக்கு எடுத்தே ஆகணுமா?
(ஆன்டாப் ஹில் வாசகி)

கன்னியாகுமரி, திருச்செந்தூர்னு தூரம் போற அன்னிக்கு மட்டும் எடுங்க. திருநெல்வேலில இருந்து செங்கோட்டை போற ரயில் சேரன்மகாதேவி, கல்லிடைக்குறிச்சி, அம்பை, தென்காசி எல்லாத்துலயும் நிக்குது, டிக்கெட் ரொம்பக் கம்மி, வழி பூரா வயலும் மேற்க மலையும்தான். டவுன் பஸ்ல சாதாரணக் கட்டண வண்டின்னா பொம்பளைங்களுக்கு 2021ல இருந்து டிக்கெட்டே கிடையாது, ஏறி உக்காருங்க.

டிக்கெட் கிடைக்கவே மாட்டேங்குது மேடம். முன்னெல்லாம் நாலு மாசம் முன்னாடியே போட்டு வச்சிருவோம். இப்ப என்ன பண்றது? நாங்க வசை பக்கம் இருக்கோம்.
(நாலாசோப்பாரா வாசகர்)

அந்த 120 நாள் கணக்கு 2024 நவம்பர் 1ல இருந்து 60 நாளா குறைஞ்சிருச்சு சார், நிறைய பேருக்கு இன்னும் தெரியல. மே 10ம் தேதி ரயில்னா மார்ச்லயே அலாரம் வச்சுக்கணும். தட்கல் ஏ.சி.க்கு முந்தின நாள் காலை 10 மணி, ஸ்லீப்பருக்கு 11 மணி, 2025 ஜூலைல இருந்து ஆதார் இணைச்ச அக்கவுண்ட்லதான் ஆன்லைன் தட்கல் எடுக்க முடியும், அதை இன்னிக்கே இணைச்சு வைங்க, அன்னிக்குக் காலைல உக்காந்து ஓ.டி.பி.க்கு அல்லாடாதீங்க. வெயிட்டிங் லிஸ்ட் டிக்கெட்டை வச்சுக்கிட்டு ஸ்லீப்பர்ல ஏறி அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்ங்கிற பழக்கத்தையும் விட்ருங்க, இப்ப இறக்கி விட்டுர்றாங்க, பிள்ளைங்களை வச்சுக்கிட்டு அந்த அவமானம் வேண்டாம்.

நீங்க வசைப் பக்கம்ங்கிறதால ஒரு வழி இருக்கு. ஜாம்நகர், காந்திதாம்ல இருந்து திருநெல்வேலி போற வண்டிங்க வசை ரோடு, பன்வேல் வழியா கொங்கண் பாதைல கேரளா சுத்தி வரும். தினமும் கிடையாது, நாள் பாத்துக்கணும், ஆனா சி.எஸ்.எம்.டி. வரைக்கும் மூட்டை முடிச்சோட லோக்கல்ல இடிபட வேண்டாம் பாருங்க. ரத்னகிரி தாண்டினதும் பிள்ளைங்க ஜன்னலை விட்டு நகராது.

அக்கா, அம்மா போனதுக்கு அப்புறம் ஊருக்குப் போகவே மனசு வரல. பிறந்த வீட்டை இடிச்சு அண்ணன் மாடி வீடா கட்டிட்டாரு. மதினி நல்லாத்தான் பேசுவாங்க, ஆனா விருந்தாளிகிட்ட பேசுற மாதிரி இருக்கும். இங்க தாராவியை இடிச்சுக் கட்டுற திட்டத்துல ரூம், சர்வே, பேப்பருன்னு ஆயிரம் டென்ஷன், எல்லாத்தையும் விட்டுட்டு ஒரு வாரம் போயிட்டு வந்தா நல்லா இருக்கும்னு தோணுது. வீட்டுக்காரர் திருநெல்வேலில லாட்ஜ் போட்டுக்கலாம், யாருக்கும் பாரமா இருக்க வேண்டாம்ங்கிறாரு. என்ன செய்ய?
(தாராவி 90 ஃபீட் ரோடு வாசகி)

லாட்ஜ் வேண்டாம்மா. உங்க வீட்டுக்காரர் நல்ல எண்ணத்துலதான் சொல்றாரு, ஆனா ஊர்ல அது வேற மாதிரி ஆயிடும், "கூடப் பொறந்தவ வந்து லாட்ஜுல இருக்கா"ன்னு தெருவே உங்க அண்ணனைக் கேக்கும், அந்தக் கோவம் கடைசில உங்க மதினி மேலதான் விழும். அண்ணன் வீட்லதான் தங்கணும், ஆனா எப்படித் தங்குறோம்ங்கிறது முக்கியம்.

மொத போன் மதினிக்குப் போடுங்க, அண்ணனுக்கு இல்ல. "மதினி, மே மாசத்துல எந்த வாரம் உங்களுக்கு தோதுப்படும்"னு கேளுங்க. அவங்க பிறந்த வீட்டு விசேஷம் எதுவும் இருக்கலாம், பிள்ளைக்கு கோச்சிங் கிளாஸ் இருக்கலாம், இதெல்லாம் உங்க அண்ணனுக்குத் தெரியவே தெரியாது, அவரு "எப்ப வேணா வா"ன்னு சொல்லிட்டு போனை வச்சிருவாரு. எந்தத் தேதி வந்து எந்தத் தேதி கிளம்புறீங்கன்னு ரயில் டிக்கெட்டோட சொல்லிருங்க, ஒரு வீட்டை நடத்துற பொம்பளைக்கு அது எவ்வளவு நிம்மதின்னு உங்களுக்கே தெரியும். போன மறுநாளே மார்க்கெட் போய் காய், மளிகை, மீன் எல்லாம் நீங்க வாங்கிப் போட்ருங்க, காசைக் கையில கொடுத்தா வாங்கமாட்டாங்க. ஒரு வேளைச் சமையலை உங்க பொறுப்பா எடுத்துக்கோங்க, ஒரு சாயந்திரம் பாவ் பாஜி போட்டுக் கொடுங்க, மருமக்கமாரு உங்களைச் சுத்திச் சுத்தி வருவாங்க.

அந்த விருந்தாளிப் பேச்சுக்குப் பின்னாடி ஒரு பயம் இருக்கலாம்னு எனக்குத் தோணுது, அதையும் சொல்லிர்றேன். வீடு இடிச்சுக் கட்டியாச்சு, நாத்தனார் ரொம்ப நாள் கழிச்சு வர்றா, பங்கு கேக்கத்தான் வர்றாளோன்னு அவங்க மனசுல ஓடலாம். பூர்வீகச் சொத்துல மகளுக்கும் பங்கு உண்டு, தமிழ்நாட்டுல 1989லயே திருத்தம் வந்தது, 2005ல நாடு முழுக்க சட்டமாச்சு, உங்களுக்குக் கேக்கணும்னு இருந்தா அது உங்க உரிமை, யாரும் தப்புன்னு சொல்ல முடியாது. ஆனா அந்தப் பேச்சுக்கு தனியா ஒரு நாள் வைங்க, வக்கீல்கிட்ட கேட்டுட்டு, அண்ணன்கிட்ட நேரா பேசுங்க. இந்த ஒரு வாரத்துக்குள்ள அதைக் கொண்டு வராதீங்க, கேக்குற எண்ணமே இல்லன்னா அதையும் மதினிகிட்ட வாய் விட்டுச் சொல்லிருங்க. அம்மாவோட சாமான்ல ஒண்ணே ஒண்ணு, அஞ்சறைப்பெட்டியோ அரிவாமணையோ, மதினிகிட்டயே கேட்டு வாங்கிக்கோங்க. அவங்க கையால எடுத்துக் கொடுக்கட்டும்.

பையனுக்கு 14 வயசு, கோரேகாவ்ல இங்கிலீஷ் மீடியம். தமிழ் பேசுவான் ஆனா படிக்கத் தெரியாது. ஊர்ல சொந்தக்காரங்க கிண்டல் பண்றாங்கன்னு வரவே மாட்டேங்கிறான். தாத்தாவுக்கோ பேரனைப் பாக்கணும்னு ஏக்கம்.
(கோரேகாவ் வாசகர்)

மொதல்ல உங்க மேலதான் பொறுப்பு சார். "தமிழ் படிக்கத் தெரியாதால உனக்கு"ன்னு மாமா ஒருத்தர் நாலு பேர் முன்னாடி கேட்டு எல்லாரும் சிரிக்கும்போது அப்பா அம்மாவும் சேர்ந்து சிரிச்சா அந்தப் பிள்ளை அடுத்த வருஷம் ஏன் வரப்போகுது? இந்தத் தடவை நீங்க குறுக்க விழுந்து, அவன் மூணு மொழி படிக்கிறான் மாமா, நாலாவதையும் படிச்சிருவான், விடுங்கன்னு சொல்லணும், அவன் காதுல விழுற மாதிரி சொல்லணும்.

படிக்கிறது ஒண்ணும் மலை இல்ல, மராத்தி, இந்தி எழுத்து தெரிஞ்ச பிள்ளைக்கு தமிழ் எழுத்து சீக்கிரம் வரும், அதே க ச ட த ப வரிசைதான், அங்க நாலு எழுத்து இருக்கிற இடத்துல நமக்கு ஒரே க. கிளம்புறதுக்கு ஒரு மாசம் முன்னாடி தினம் பத்து நிமிஷம் உக்கார வைங்க. ஊர்ல பஸ் போர்டு படிக்கிற வேலையை அவன்கிட்ட கொடுங்க, அம்பை, பாபநாசம், தென்காசி, ஆலங்குளம்னு அவன் சொல்லித்தான் நாம ஏறணும்.

தாத்தாவையும் பேரனையும் எதிரெதிர சேர்ல உக்கார வச்சு "பேசுங்க"ன்னா ரெண்டு பேருக்கும் வராது. தாத்தா காலைல டீக்கடைக்குப் போறப்ப கூட அனுப்புங்க, பழைய ஆல்பத்தை எடுத்து தாத்தா ஆள் பேரு சொல்ல, அவன் போன்ல படம் பிடிச்சு பேரைச் சேத்து வைக்கட்டும். போனைப் பிடுங்காதீங்க, அதையே வேலைக்கு வைங்க.

ஒண்ணு மட்டும் கண்டிப்பாச் சொல்றேன், ஆத்துல தனியா இறங்க விடாதீங்க. தாமிரபரணி பாக்க அமைதியாத்தான் இருக்கும், ஆனா மணல் அள்ளின பள்ளம் எங்க இருக்குன்னு வெளியூர்ப் பிள்ளைக்குத் தெரியாது, மேல அணைல தண்ணி திறந்தா மட்டம் ஏறும். நீச்சல் குளத்துல நீந்துற பிள்ளைன்னாலும் சரி, உள்ளூர் ஆள் குளிக்கிற படித்துறைல, பெரியவங்க கூட இருக்கும்போது மட்டும்தான்.

அம்மா எங்ககூட செம்பூர்ல இருக்காங்க. அவங்க பொறந்து வளர்ந்து வேலை பாத்தது எல்லாம் மாஞ்சோலை எஸ்டேட், நாலுமுக்குல. "ஒரு தடவை அந்த லயன் வீட்டைப் பாத்துட்டு வந்துர்றேன்"னு, எஸ்டேட்ல வரிசையாக் கட்டின தொழிலாளி வீட்டைத்தான், தினமும் கேக்குறாங்க. அங்க இப்ப போய் என்ன பாக்கப் போறீங்கன்னு தம்பி தடுக்கிறான். கூட்டிட்டுப் போகலாமா?
(செம்பூர் வாசகி)

போங்கம்மா, தள்ளிப் போடாதீங்க. மத்த கேள்வி எல்லாத்தையும் விட இதை ரொம்ப நேரம் வச்சுப் படிச்சேன்.

விஷயம் தெரியாத வாசகர்களுக்காக ரெண்டு வரி: சிங்கம்பட்டி ஜமீன்கிட்ட இருந்து 8,373 ஏக்கர் காட்டை 1929ல ஒரு பம்பாய் கம்பெனி 99 வருஷக் குத்தகைக்கு எடுத்து தேயிலை போட்டது, மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டின்னு மலை மேல குடியிருப்பு வந்துச்சு, தலைமுறை தலைமுறையா ஜனங்க அங்கேயே பொறந்து அங்கேயே கொழுந்து பறிச்சாங்க. அந்த இடம் இப்ப களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள்ள வருது, குத்தகை 2028ல முடியுது, அதுக்கு முன்னாடியே 2024ல தொழிலாளிகளுக்கு விருப்ப ஓய்வுன்னு கொடுத்து வேலையை நிறுத்திட்டாங்க. நம்மள மாதிரி ஆளுக்கு ஊரு எப்பவும் அங்கேயே இருக்கும், நாமதான் போகல. இவங்களுக்கு ஊரே இருக்குமான்னு தெரியாத நிலைமை.

உங்க தம்பி பயப்படுறது அம்மா மனசு உடைஞ்சிரும்னுதான், அது புரியுது. அதனால மொதல்ல ஆளுங்களைப் பாக்க வைங்க. மேல இருந்து இறங்கினவங்க அம்பை, மணிமுத்தாறு, திருநெல்வேலின்னு ஆளுக்கொரு பக்கமா இருக்காங்க, அம்மாவோட ஒரே பத்துல (தேயிலைத் தோட்டப் பகுதில) கொழுந்து பறிச்சவங்க ரெண்டு மூணு பேர் நம்பரை இப்பவே தேடி எடுங்க, ஒரு நாள் பூரா அவங்களோட இருக்கட்டும், முடிஞ்சா அதுல ஒருத்தரையும் கூட்டிட்டு மறுநாள் மேல போங்க. மணிமுத்தாறு செக்போஸ்ட்டைத் தாண்ட வனத்துறை அனுமதி வேணும், மழை, ரோடு, யானை நடமாட்டம் பாத்து விதிகளை மாத்திட்டே இருப்பாங்க, அதனால அம்பாசமுத்திரம் வனக்கோட்ட அலுவலகத்துல முன்கூட்டியே கேட்டுட்டு, அம்மா எஸ்டேட்ல வேலை பாத்த பழைய அடையாள அட்டை, பி.எஃப். சீட்டு எது இருந்தாலும் கையில கொண்டு போங்க. ரோடு ஒடுக்கம், வளைவு அதிகம், வயசானவங்களுக்கு வயித்தைப் புரட்டும், காலைல வெறும் இட்லி கொடுத்து முன் சீட்ல உக்கார வைங்க. மே மாசமா இருந்தாலும் மேல குளிரும், ஸ்வெட்டர் வேணும்.

வழில திருநெல்வேலில கொக்கிரகுளம் ஆத்துப்பாலம் தாண்டும்போது அம்மா ஏதாவது சொன்னா பேச விடுங்க. 1999 ஜூலை 23ல மாஞ்சோலைத் தொழிலாளிகளுக்கு கூலி உயர்வு கேட்டுப் போன ஊர்வலத்துல அங்கதான் 17 பேர் உயிர் போச்சு. அம்மாவுக்குத் தெரிஞ்சவங்க அதுல இருந்திருக்கலாம், இவ்வளவு வருஷமா உங்ககிட்ட சொல்லாமலும் இருந்திருக்கலாம். லயன் வீடு பூட்டிக் கிடந்தா வாசல்ல உக்கார வைங்க, "கிளம்பலாமா"ன்னு நீங்களா கேக்காதீங்க.

திரும்பி வர்றப்ப என்ன வாங்கிட்டு வரலாம், ரயில்ல ரெண்டு நாள் தாங்குமா?
(மாட்டுங்கா வாசகி)

நெய்ல செஞ்ச கோதுமை அல்வா ரெண்டு நாள் என்ன, ஒரு வாரமே ஃப்ரிட்ஜ் இல்லாம தாங்கும். ஆனா சூடா இருக்கும்போதே பிளாஸ்டிக் டப்பால அடைக்காதீங்க, ஆற விட்டு எவர்சில்வர் டப்பால போடுங்க. நெல்லையப்பர் கோயில் எதிர்ல இருட்டுக்கடைலதான் வாங்கணும்னா சாயந்திரம்தான் திறப்பாங்க, கூட்டம் நிக்கும், அதனால கிளம்புற அன்னிக்கு வச்சுக்காம முந்தின நாளே போயிருங்க. கல்லிடைக்குறிச்சி அப்பளம் வாங்குங்க, உடையாம இருக்க துணிக்கு நடுவுல வைக்கணும். பத்தமடைப் பாய் வாங்குறதா இருந்தா கடைல வாங்குறதை விட பத்தமடைக்கே போயிருங்க, சேரன்மகாதேவி பக்கம்தான், கோரையைக் கீறி நெய்றவங்க வீட்டுலயே வாங்கலாம், பட்டு மாதிரி மடியிற நைஸ் பாய்க்கு விலை ஜாஸ்தி, ஒரு பாய் நெய்ய எத்தனை நாள் ஆகுதுன்னு அவங்க தறியைப் பாத்தீங்கன்னா பேரம் பேச வாய் வராது. கல்யாணத்துக்கு பொண்ணு மாப்பிள்ளை பேர் போட்டு வேணும்னா போனதும் முதல் நாளே ஆர்டர் கொடுத்துருங்க, கிளம்புறதுக்குள்ள முடியலன்னா பார்சல்ல அனுப்பச் சொல்லி அட்ரஸை எழுதிக் கொடுத்துட்டு வாங்க.